பினாயில் மேடம்

இவாஞ்சலினுக்கு அருவருப்பு பிறவிக் குணம். கைக்குழந்தையாக இருந்தபோதே யாராவது கன்னத்தில் எச்சில்பட முத்தம் கொடுத்தால் புறங்கையால் துடைத்துக்கொண்டு அழுவாளாம். ஐம்பத்தைந்து வயதாகியும் அது போகவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க அவளுக்கு முந்தானை வேண்டும். டீக்கடையில் தம்ளரை வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டாள். வீட்டுக்காரர் டேவிட்ராஜ் அரிசி ஆலையில் ஃபிட்டர். கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வருகிற மனுஷன். "உனக்கு மூக்கு வெக்கும்போது ஆண்டவரு கை தவறி ரெண்டு பங்கு வெச்சிட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள். முதலில் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்வாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியை அரசாங்கம் கொண்டுபோய் உட்கார வைத்த இடம் பொது நூலகம். ஊரே வந்து தொட்டு, புரட்டி, இருமி, தும்மி, சாய்ந்துவிட்டுப் போகிற இடம். பெரணமல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நாலைந்து நூலகம் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு, கடைசியில் ஆரணிக் கிளை நூலகத்துக்கு வந்து சேர்ந்தாள். பட்டுத்தறித் தெருக்களுக்கு நடுவே இருக்கிற சின்னக் கட்டடம். முன்னால் பேப்பர் படிக்கிற கூடம், பக்கவாட்டில் புத்தக அலமாரிகள், பின்னால் ஒரு சிற்றறை, அதற்கும் பின்னால் கொல்லை. அக்கம்பக்கத்தில் எந்த வீட்டுச் சுவரில் காது வைத்தாலும் தறிச் சத்தம் கேட்கும்.

மேடை ஏறினால் ஆளாளுக்கு நூலகத்தைக் கோயில் என்கிறார்கள். கோயிலில் யாரும் காலைத் தூக்கி மேஜைமேல் போட்டுக்கொண்டு பல் குத்துவதில்லை. இங்கே அது தினசரி பூஜை. ஒருவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பேப்பரைப் புரட்டுவார். அடுத்து வருகிறவர் அதே மூலையை அதே மாதிரி எச்சில் தொட்டுப் புரட்டுவார். ஊர் ஒற்றுமையைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே வந்து பார்க்க வேண்டும். பெஞ்சுக்குப் பின்னால் சுவரெல்லாம் தலை சாய்த்த எண்ணெய் வட்டங்கள். மேஜைக்கு அடியில் தெரியாமல் கையை விட்டால் தீர்ந்தது, எத்தனை பேருடைய மூக்கின் சரித்திரமோ காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். வாரப் பத்திரிகை வந்த அன்றைக்கே நடுப்பக்க நடிகை காணாமல் போய்விடுவாள். பெண்களுக்கான மருத்துவப் புத்தகம் ஒன்றை ஒரு நாள் எடுத்துப் பிரித்தாள் இவாஞ்சலின். ஓரங்களில் பேனாவால் எழுதியிருந்ததைப் படித்தாள். அன்று மதியம் அவளால் சாப்பிட முடியவில்லை.

துப்புரவுக்கு ஆள் கிடையாது. வந்ததும் தானே பெருக்கி, வாளியில் பினாயில் கலந்து கூடம் முழுக்கத் துடைப்பாள். பெஞ்சு, மேஜை, கதவுக் கைப்பிடி எதையும் விடமாட்டாள். தெருவில் அவளுக்குப் பினாயில் மேடம் என்று பேர் விழுந்தது. அவள் காதுபடவே கூப்பிட்டார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, எச்சில் மேடம் என்று பேர் வாங்குவதற்கு இது தேவலை.

கொல்லையில் ஒரு மதில் இருந்தது. பேப்பர் படிக்க வருகிற ஆண்களுக்கு அதுதான் கழிப்பிடம். தலைப்புச் செய்தியை முடித்துவிட்டு எழுந்து போய் மதிலைப் பார்த்து நின்றுவிட்டு, கை கழுவாமல் வந்து விளையாட்டுப் பக்கத்தைப் பிடிப்பார்கள். இவாஞ்சலின் சொல்லிப் பார்த்தாள், எழுதி ஒட்டிப் பார்த்தாள். யாரோ புண்ணியவான் பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றும் போட்ட ஓடுகளை மதிலில் பதித்துக் கொடுத்தார். ஆண்கள் மூன்று மதத்துக்கும் உரிய மரியாதை கொடுத்து, நாலடி தள்ளி நின்றுகொண்டார்கள். தள்ளி நின்ற இடம் சிற்றறை ஜன்னலுக்கு நேர் எதிரே. அதன் பிறகு அந்த ஜன்னலைத் திறக்க வழியில்லாமல் போயிற்று.

அந்தச் சிற்றறையில்தான் பெண்கள் உட்கார்ந்தார்கள். முன்பு உடைந்த நாற்காலிகளும் பழைய பேப்பர்க் கட்டுகளும் கிடந்த இடம். இவாஞ்சலின் அதைக் காலி செய்து, வெள்ளை அடித்து, மேஜை போட்டு, பெண்களுக்கு என்று ஒதுக்கினாள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். அத்தனை பேரும் தறிவீட்டுப் பெண்கள். வீட்டில் படிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் தறி அடிக்கும், மறுபக்கம் "நூல் சுத்திக் குடுத்துட்டுப் படியேன்" என்று குரல் வரும். இங்கே யாரும் கூப்பிடமாட்டார்கள். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் வேர்த்து ஒழுகிக்கொண்டு, தலையைக் குனிந்து படித்தார்கள். அங்கே படித்தவர்களில் ஒருத்தி தாலுகா ஆபீஸில் வேலைக்குப் போனாள், இன்னொருத்தி மின்வாரியத்தில் சேர்ந்தாள். இவாஞ்சலினுக்கு அந்த நூலகத்தில் பிடித்த இடம் அது ஒன்றுதான். அங்கே மேஜைக்கு அடியில் தைரியமாகக் கைவிடலாம்.

ஆனால் பதினோரு மணிக்கு மேல் ஒவ்வொருத்தியாக எழுந்து போய்விடுவார்கள். காரணம் சொல்லமாட்டார்கள். காரணம் இவாஞ்சலினுக்குத் தெரியும். ஆண்களுக்கு மதில் இருந்தது, பெண்களுக்கு என்ன இருந்தது? அவளே எதிர் வீட்டுச் சசிகலாவைக் கேட்டுத்தான் அவசரத்துக்குப் போய்வந்தாள். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிற சசிகலாவின் மாமனாரைத் தாண்டித் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும், அதே மாதிரி வர வேண்டும். ஒருத்தி அப்படிப் போகலாம். பத்துப் பேர் வரிசையாகப் போக முடியுமா?

இத்தனைக்கும் நூலகத்துக்குக் கழிப்பறை இல்லாமல் இல்லை. கொல்லையின் கோடியில் ஜம்மென்று ஒன்று இருந்தது. வாசகர் வட்டம் என்று ஒரு அமைப்பு. அதன் தலைவர் ராஜவேலு, ஊரில் பெரிய பட்டுச்சேலை முதலாளி. முள்ளிப்பட்டு வரை தறிக்காரர்களுக்குத் தறியில் ஏற்றுகிற பாவு நூலும் பட்டும் கொடுத்து நெய்து வாங்குகிறவர். அவர் ஜவுளிக்காரர்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டிய கழிப்பறை அது. நீலநிற டைல்ஸ், மேலே தண்ணீர்த் தொட்டி, வாசலில் நன்கொடையாளர் பேர் பொறித்த கல். ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினார்கள், பூட்டினார்கள். அன்று பூட்டியதுதான். சாவி ராஜவேலுவின் கடையில் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கியது.

இவாஞ்சலின் போய்க் கேட்டாள். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ராஜவேலு பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தார்.

"மேடம், நானு ஆசையா கட்டி வெச்சது. ஆம்பளைங்களுக்கு அங்க வேலையே இல்ல, அவுங்க எங்கியாச்சும் போய்க்குவாங்க. பொம்பளைங்களுக்குத் தொறந்து உட்டா இன்னா ஆவும்? சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. துணிய கிணிய போட்டு அடைச்சிடுவாங்க. அப்புறம் யாரு பேஜார் படறது? எதனா விழா, பெரிய ஆளுங்க வந்தா தொறப்போம்."

கடைப் பையன்களும் வாடிக்கையாளர்களும் தரையைப் பார்த்தார்கள். இவாஞ்சலினுக்கு உடம்பெல்லாம் கூசியது. வயசுப் பெண்களின் மாதவிலக்கை நடுக்கடையில் எடுத்துப் போட்டுப் பேசுகிற வாய், வாசகர் வட்டத்தில் வாராவாரம் அறநெறி பேசுகிற அதே வாய்தான். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதிலும் மாறவில்லை, சிரிப்பும் மாறவில்லை.

அந்தப் பெண்களில் முள்ளிப்பட்டிலிருந்து வருகிற துர்கா என்று ஒருத்தி. விடியற்காலையில் எழுந்து அப்பாவின் தறிக்கு வேண்டிய நூலையெல்லாம் சுற்றி வைத்துவிட்டு, பஸ் பிடித்து வந்துவிடுவாள். நாள் முழுக்க உட்கார்ந்து படித்தால்தான் பாடத்தை முடிக்க முடியும் என்று, காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். உதடு வெடித்துப் போய்த்தான் எப்போதும் இருப்பாள். போன வருடம் தேர்வுக்கு முந்தின வாரம் குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். நீரை அடக்கி அடக்கிச் சிறுநீரகம் வரை சீழ் ஏறிவிட்டது என்றார்கள். தேர்வு அவளில்லாமல் நடந்து முடிந்தது.

இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருந்தாள். இதிலும் தவறினால் கல்யாணம் பண்ணி அனுப்பிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் தண்ணீரை நிறையக் குடி என்றார். குடித்தால் நூலகத்தில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் குடிக்க முடியாது.

"உங்கப்பாவ முதலாளிகிட்ட ஒரு வார்த்த கேக்கச் சொல்லேன்" என்றாள் இவாஞ்சலின்.

"அவர்கிட்டதாங்க்கா பாவே வாங்குறோம். கக்கூஸ் சாவி கேட்டா பாவு இல்லன்னுடுவாரு" என்றாள் துர்கா.

அந்தப் பதிலைக் கேட்டபோது இவாஞ்சலினுக்கு வந்தது இரக்கமில்லை, குமட்டல். ஒரு மனுஷன் கையில் ஊரின் வயிறும் இருக்கிறது, அதற்குக் கீழே இருப்பதும் இருக்கிறது.

நூலக வார விழா வந்தது. ராஜவேலு அதை அமாவாசை அன்றைக்கு வைத்தார். ஆரணிப் பக்கம் அமாவாசைக்குத் தறி ஓடாது. பட்டு நெய்கிறவர்களுக்கு அது தலைமுறையாக விடுமுறை. தறி நின்றால் தறிவீட்டுப் பெண்களுக்கு நூல் சுற்றுகிற வேலையும் இல்லை. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்கள் முழுசாகப் படிக்கிற நாள். சிற்றறை கொள்ளாமல் அலமாரிகளுக்கு நடுவிலெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். ராஜவேலுவின் கணக்கு வேறு. அன்றைக்கு வைத்தால் கூட்டம் தானாக வரும்.

அன்று காலை பெண்கள் புத்தகமும் கையுமாக வந்து நின்றபோது, கூடத்தில் மேஜைகள் ஓரம்கட்டப்பட்டு நாற்காலிகள் மேடையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. படிக்க வந்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் பார்வையாளர்களாக ஆக்கிவிட்டார்கள். இரண்டு பெண்களைப் பன்னீர்ச் செம்போடு வாசலில் நிறுத்தினார்கள். துர்காவை ஆரத்தித் தட்டுப் பிடிக்கச் சொன்னார் வாசகர் வட்டப் பொருளாளர் பார்த்திபன். எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறவர், ராஜவேலுவின் நிழல்.

"பரீட்சை வருதுங்க, அது உள்ள படிச்சிகினு இருக்கட்டும்" என்றாள் இவாஞ்சலின்.

"ஒரு நாள் படிக்கலன்னா ஒண்ணும் குடி முழுவிடாது மேடம்" என்றார் பார்த்திபன்.

சிறப்பு விருந்தினர் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி. விழா ஆரம்பித்தது. தலைவர் பொருளாளருக்குப் பொன்னாடை போர்த்தினார், பொருளாளர் தலைவருக்குப் போர்த்தினார். பட்டுக்குப் பேர்போன ஊரில் அந்தப் பொன்னாடை எதில் செய்தது என்று கேட்கக்கூடாது. தொட்டால் பிளாஸ்டிக் பைபோல் சரசரக்கும். பெண் கல்வி பற்றி ராஜவேலு வெகுநேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் காலை மாற்றிப் போட்டுக்கொண்டும் அடக்கிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். இவாஞ்சலின் கதவோரம் நின்று அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. தன் நூலகத்தில் தன் கண்முன்னே நடக்கிறது, தானும் கைகட்டி நிற்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பாதியில் அதிகாரி அம்மாள் மேடையிலிருந்து இறங்கி இவாஞ்சலினின் காதோரம் குனிந்தார். நெடுந்தூரம் ஜீப்பில் வந்தவர், அவருக்கும் உடம்பு உண்டு. இவாஞ்சலின் பதில் சொல்வதற்குள் ராஜவேலு மோப்பம் பிடித்துவிட்டார்.

"அம்மா, நம்ம லைப்ரரியிலயே இருக்குதுங்க. டைல்ஸ் போட்டு, புத்தம் புதுசா வெச்சிகினு கீறோம். வாங்க!"

பார்த்திபன் முகம் வெளுத்தது. "முதலாளி, உங்க வூடு பக்கத்துலதான கீது. அங்கியே இட்டுகினு போலாமே" என்றார்.

"எதுக்கு வூடு? நாம கட்டினத அம்மா பாக்கட்டும்" என்று ராஜவேலு முன்னால் நடந்தார். கடைக்கு ஆள் போய்ச் சாவி வந்தது. கூட்டத்தில் பாதி கொல்லைக்குத் திரும்பிவிட்டது. பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, "வாங்கம்மா" என்று கையை நீட்டினார் ராஜவேலு.

உள்ளேயிருந்து வந்தது நாற்றம் என்று சொன்னால் நாற்றத்துக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும். அதிகாரி அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நீல டைல்ஸ் தெரியவில்லை. பிராந்தி பாட்டில்கள், பான் மசாலாப் பாக்கெட்டுகள், சிகரெட் துண்டுகள், பிரியாணி தின்ற எலும்பு, ஈரத்தில் ஊறிக் கிடந்த சீட்டுக்கட்டு. அடைத்துக்கொண்ட பீங்கான் வழிந்து தரையெல்லாம் காய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்று இவாஞ்சலின் வரமாட்டாள். வெள்ளிதோறும் கொல்லை நிழலில் வாசகர் வட்டச் செயற்குழு என்று பார்த்திபனும் இன்னும் சிலரும் கூடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். என்ன செயல் என்பதுதான் தெரியாமல் இருந்தது. முதலாளி கடை ஆணியிலிருந்து சாவியை எடுக்கப் பார்த்திபனை யாரும் கேள்வி கேட்டதில்லை. மதில் வாடையோடு வாடையாகப் போனதால், அவள் மூக்குகூட ஏமாந்திருந்தது.

ராஜவேலு ஒரு கணம் திகைத்தார். ஒரே கணம்தான். உடனே அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாம்மா? இதுக்குத்தான் தலையால அடிச்சிகினேன். பொம்பளைங்களுக்குத் தொறந்து உட்டா இப்பிடித்தான் ஆவும்னு!"

ஒரு நாள்கூட அந்த வாசலை மிதிக்காத பெண்கள், காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நிற்கிற பெண்கள், அவர் பின்னால் நின்று கேட்டார்கள். துர்கா கையில் இன்னும் ஆரத்தித் தட்டு இருந்தது. இவாஞ்சலினுக்குக் காதெல்லாம் சுட்டது. வாழ்நாளில் எத்தனையோ அசிங்கத்தைப் பார்த்திருக்கிறாள், இவ்வளவு சுத்தமான ஒரு பொய்யை அவள் பார்த்ததில்லை.

"சாவி யார்கிட்டங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் அமாவாசையன்று தறி ஓடாத தெருவில் எல்லாம் கேட்கும். ராஜவேலு பார்த்திபனைப் பார்த்தார். பார்த்திபன் மதிலைப் பார்த்தார். அதிகாரி அம்மாள் இருவரையும் பார்த்துவிட்டு, "சீக்கிரம் சரி பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார். அவர் அவசரம் அவருக்கு.

ஜீப் போனதும் ராஜவேலு இவாஞ்சலினை ஓரமாக அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது.

"நடந்தது நடந்துபோச்சு மேடம். உங்க ஆளுங்க யாரனா இருந்தா ஜல்தியா வரச் சொல்லுங்க. கழுவி உட்டுட்டுப் போவட்டும். எதனா பாத்துக் குடுத்துடலாம்."

உங்க ஆளுங்க. இவாஞ்சலின் அந்த இரண்டு வார்த்தையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாள். அவள் படித்த பள்ளி விடுதியில் கக்கூஸ் கழுவ முறை போட்டிருந்தார்கள். முறை என்றுதான் பேர். வார்டனுடைய விரல் என்னவோ எப்போதும் காலனிப் பிள்ளைகள் பக்கமே நீளும். வாந்தி எடுத்துக்கொண்டே கழுவினாள் பத்து வயது இவாஞ்சலின். இனி என் வீட்டுக் கக்கூஸைத் தவிர எந்தக் கக்கூஸையும் கழுவமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். நூலகர் படிப்பு படித்து, பரீட்சை எழுதி, நாற்காலியில் உட்கார்ந்து தலை நரைத்தும் ஆயிற்று. ஊர் இன்னும் அவள் கையில் விளக்குமாற்றைத்தான் பார்க்கிறது.

"எங்க ஆளுங்களாங்க?" என்றாள். "அவுங்க வரமாட்டாங்க. அவுங்கல்லாம் படிச்சிகினு கீறாங்க."

சொல்லிவிட்டு ராஜவேலுவின் கையிலிருந்த பூட்டையும் சாவியையும் முந்தானையால் பிடித்து வாங்கிக்கொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும். அசிங்கம் பண்ணவங்க வந்து கழுவட்டும். அதுவரைக்கும் கதவு தொறந்தே கிடக்கும்."

அன்று சாயங்காலம் துர்கா மெதுவாக வந்து நின்றாள்.

"அக்கா, நாங்களே சேர்ந்து கழுவிடறோம்க்கா. முதலாளி மூஞ்சியே சரியில்ல. எங்கப்பாவுக்கு வேற பயமா கீது."

"அதுல கைய வெச்ச, நாளைலருந்து உன்ன உள்ளயே உடமாட்டேன்" என்றாள் இவாஞ்சலின். அப்படி அவளிடம் கடுமையாகப் பேசியதில்லை. பெண் மிரண்டு போனாள்.

மறுநாளிலிருந்து நூலகத்தில் ஒரு அதிசயம் நடந்தது. பினாயில் மேடம் பினாயில் ஊற்றவில்லை. பாட்டில்களையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சிற்றறை ஜன்னலை அகலத் திறந்தாள், கூடத்துக்குப் போகிற கதவையும் திறந்து கல் வைத்தாள். கொல்லைக் காற்று நேராகக் கூடத்துக்கு வந்தது. பெண்களைத் தெருப்பக்க வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். பேப்பர் படிக்கிற ஆண்கள் அவர்கள் பெஞ்சிலேயே உட்காரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர்களுக்கு மட்டுமா நாற்றம்? அவள் மேஜையும் அங்கேதான் இருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் குடல் மேலேறி வந்தது. கைக்குட்டைகூடக் கட்டாமல் உட்கார்ந்து புத்தகம் கொடுத்தாள், வாங்கினாள். இரண்டு தரம் தெருவோரம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். ராத்திரி சோற்றில் கை வைத்தாலும் அதே வாடை அடித்தது.

"லீவு போட்டுடேன். உனக்கு இன்னாத்துக்கு இந்த ரோதன?" என்றார் டேவிட்ராஜ்.

"நான் லீவு போட்டா மறுபடி பூட்டிடுவாங்க. இந்த நாத்தம் எனக்குப் புதுசு இல்ல. அவுங்கதான் மோந்து பாத்ததில்ல."

பேப்பர்க்காரர்கள் முதலில் மூக்கைப் பொத்தினார்கள், அப்புறம் முணுமுணுத்தார்கள், அப்புறம் கத்தினார்கள். எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர் விரலை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஆண்டுக் கணக்கில் அவள் சொல்லி நடக்காத சுகாதாரம் அது.

"மேடம், பினாயில் ஊத்துங்களேன்!"

"தீந்துபோச்சுங்க."

"மேல எழுதிப் போட்டுடுவோம்!"

"போடுங்க. நாத்தம் எதனாலன்னும் சேத்து எழுதுங்க. பேரோட எழுதினா இன்னும் நல்லது."

அந்த வார்த்தைக்குப் பிறகு அவர்களுக்கும் புரிந்தது, தொல்லைக்கு மூலம் இவள் இல்லை என்று. பெண்கள் வருடக்கணக்கில் அடக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வாயும் திறக்கவில்லை. தங்கள் மூக்குக்கு வந்ததும் ஊர்வலமாகப் பார்த்திபன் கடைக்குப் போய் நின்றார்கள். வியாபார நேரத்தில் கடை வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வெள்ளிக்கிழமைச் செயற்குழுவைப் பற்றி விசாரித்தார்கள். பார்த்திபன் மனைவி கல்லாவில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறை என்றும் பார்க்காமல் இவாஞ்சலின் வந்து அலமாரியைத் திறந்தாள். பார்த்திபனும் இன்னும் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டி, வாயில் துண்டு சுற்றி நின்றார்கள். ராஜவேலு வரவில்லை. தன் பங்குக்குப் புது வாளி ஒன்றை அனுப்பிவைத்தார். வீட்டில் தின்ற தட்டைக்கூட எடுத்து வைக்காத பார்த்திபன் குந்தி உட்கார்ந்து தேய்த்தார், ஓக்காளித்தார், மறுபடி தேய்த்தார். முடிந்தது என்றபோது இவாஞ்சலின் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"மூலையில இன்னும் இருக்குதுங்க" என்றாள்.

மறுபடி தேய்த்தார்கள். அவள் திருப்தியாகத் தலையாட்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பார்த்திபன் கையை மோந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமையிலிருந்து கழிப்பறை திறந்திருந்தது. தாழ்ப்பாள் மட்டும் உண்டு, பூட்டு கிடையாது. துர்கா காலையில் வந்தவள் பகல் முழுக்கப் படித்துவிட்டுக் கடைசி ஆளாக எழுந்து போனாள். எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த வாரம் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்தது. நூலகத்தில் பெண்களுக்கு வாசகர் வட்டம் கழிப்பறை திறந்து வைத்ததாம். படத்தில் ராஜவேலு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். என்றைக்கோ வெட்டிய அதே ரிப்பன், பக்கத்தில் பார்த்திபன் கைதட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலையே ராஜவேலு அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தானே கொண்டுவந்துவிட்டார். வெட்கம் என்று ஒன்று அந்த மனுஷனுக்கு வைக்கப்படவே இல்லை.

"எல்லாரும் பாக்கற எடமா பாத்து மாட்டுங்க மேடம். நாளைக்கு நாலு பேரு நன்கொட குடுக்கத் தோணும்."

"மாட்டிடறேங்க" என்றாள் இவாஞ்சலின். அவர் தலை மறைந்ததும் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கழிப்பறைக்குள்ளே, உட்காருகிற இடத்துக்கு நேர் எதிர்ச் சுவரில், கோணல் இல்லாமல் மாட்டினாள்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போன துர்கா போன வேகத்தில் திரும்பி வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

"அக்கா, அந்தாளு மொறைச்சிப் பாத்துகினே கீறாருக்கா. ஒருத்திக்கும் வரமாட்டேங்குது."

இவாஞ்சலின் எழுந்து போனாள். சட்டத்தின் ஓரத்தை விரல் நுனியால் பிடித்து, படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, இரண்டு தரம் கை கழுவினாள்.